எலி விழுந்த கல்யாண வீடு

உக்கிராண அறை வாசலில் என் பெரியப்பா கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். "யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அவர் சொன்னதை நம்பி, குழந்தைகளான நாங்கள் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அறைக்குள் வெல்ல மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு எலி செத்துக் கிடக்கிறது.

வாசலில் பந்தல்கால் நட்டாகிவிட்டது. பின்கட்டில் அப்பளம் காய்கிறது. முறுக்கு சுட்ட எண்ணெய் வாசனை வீடு முழுக்க. வருகிற வெள்ளிக்கிழமை ருக்கு அத்தைக்குக் கல்யாணம். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் ஆயா தனபாக்கியம் பிள்ளைகளுக்கு நடத்துகிற கடைசிக் கல்யாணம் அது. அத்தைதான் அவளுடைய கடைக்குட்டி.

ஆயா என்றால் எங்கள் வீட்டில் பாட்டி. போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களை வளர்க்கத் தனியாக ஆயா வைத்திருந்தார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, எங்கள் பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். அங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வைத்துப் பிள்ளை வளர்க்கிற வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

ஒரு எலிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

இப்போது எலி செத்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். மகாராஜா காலத்து மைசூரில் அது நடக்காது. அது பிளேக் காலம். வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் அடுத்து மனிதர்கள் விழுவார்கள் என்பது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். "எலி விழுந்தது" என்றுதான் சொல்வோம். கன்னடத்தில் "இலி பித்து". அந்தச் சொல் காதில் பட்டதும் வீதியே எழுந்துகொள்ளும்.

எலி விழுந்த வீட்டார் உடனே அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டும், முனிசிபாலிடிக்கும் சொல்ல வேண்டும். வீதியில் அத்தனை பேரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே போட்டிருக்கும் கொட்டகைகளுக்குப் போய்விட வேண்டும். ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்து வீட்டுக்குள் வெயிலை விடுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பயம் தெளிகிற வரைக்கும், சில வருஷம் உகாதி வரைக்கும்கூட, கொட்டகையில்தான் குடித்தனம்.

எங்களுக்கு அது கொண்டாட்டம். பள்ளிக்கூடம் கிடையாது, மைதானம் முழுக்க நமக்கு. பெரியவர்களுக்கோ பெரும் பாடு. அதனால் சில வீடுகளில் எலியைச் சத்தம் போடாமல் புதைத்துவிடுவதும் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பிரசவத்துக்குப் பெண் வந்திருப்பாள், வீட்டில் எழுந்திருக்க முடியாத கிழவர் ஒருவர் இருப்பார், இல்லையென்றால் எங்களைப் போல வாசலில் பந்தல் நின்றுகொண்டிருக்கும்.

ருக்கு அத்தை

அத்தைக்கு அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில் பெண் பார்த்துவிட்டுப் போன கையோடு மாப்பிள்ளையின் தாத்தா காலமாகிவிட்டார். தொண்டுகிழம். எப்போது போவார் என்று அந்த வீட்டிலேயே காத்திருந்தார்கள். ஆனாலும் பழி அத்தையின் ராசி மேல் விழுந்தது. இரண்டாவது இடத்தார் காரணம்கூடச் சொல்லவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தைக்கு இருபது தாண்டிவிட்டது. "இன்னுமா?" என்று கேட்கிற பெண்களுக்குப் பயந்து அவள் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தாள்.

மூன்றாவதாக வந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்து இடம். பட்டணம் என்றுதான் நாங்கள் சொல்வோம். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா வேலை. தங்கமான பிள்ளை. அவருடைய அம்மாதான் சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரி. பெண் பார்க்க வந்த அன்று ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு பூனை குறுக்கே போய்விட்டது. அந்த அம்மாள் ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் அடுத்த ரயிலில் திரும்பிப் போய், மறு வாரம்தான் வந்தார். பூனைக்கே இப்படி என்றால் எலிக்கு? அந்தக் காலையில் எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் ஓடியது இந்தக் கேள்விதான்.

ஆயாவின் நாக்கு

எலியை அங்கேயே விட்டுவிட்டு ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செத்த எலி எங்கும் ஓடிவிடாது.

ஆயா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தாத்தாவுக்கு மைசூர் ரயில்வேயில் ஸ்டோர்ஸ் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு பிள்ளைகளும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளுமாக அந்த ஓட்டு வீட்டை ஆயாதான் கட்டி ஆண்டாள். அப்பாவும் பெரியப்பாவும் ரயில்வேக்குப் போனார்கள். ஆபீசில் எப்படியோ, வீட்டில் இருவரும் ஆயாவுக்கு முன்னால் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

அவளுக்குப் பாராட்டத் தெரியாது. வெளியாள் சமைத்துப் போட்டால் "ரொம்ப நல்லாருக்குது" என்பாள், அதோடு சரி. சொந்த மனுஷர்கள் சமைத்தால் உப்பு தூக்கல், புளி மட்டு, கடுகு கருகிடுச்சு என்று ஏதாவது ஒன்று நிச்சயம். என் அம்மா மருமகளாக வந்த புதிதில், அவள் வைத்த குழம்பை ஆயா மாசக்கணக்கில் "நல்லாருக்குது" என்றே சாப்பிட்டாளாம். அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு நாள் ஆயா, "பெருங்காயம் போட மறந்துட்டியாடி?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியம்மா அவளை அடுக்களைக்குள் இழுத்துப் போய், "அசடே, இன்னிக்குத்தாண்டி நீ இந்த வூட்டுப் பொண்ணு ஆன" என்று கட்டிக்கொண்டாளாம்.

இன்னொரு விஷயம். எங்கள் வீட்டில் ஒப்பட்டு செய்ய மாட்டார்கள். மற்ற ஊர்களில் போளி என்பார்களே, பருப்பும் வெல்லமும் அரைத்துப் பூரணம் வைத்துத் தட்டிச் சுடுவது, அதுதான். உகாதியன்று வீதி முழுக்க ஒப்பட்டு வாசனை அடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் பாயசம். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் ஆயா மரியாதையாக வாங்கி, எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாள். அவளுக்குப் பிடிக்காது போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மாவோடு ஆயா பேச மாட்டாள் என்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். கங்கம்மாவின் வீட்டுக்காரர் அரண்மனை லாயத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே கிணறு. கயிறு மட்டும் தனித்தனி. கங்கம்மா தண்ணீர் சேந்தினால் ஆயா குடத்தோடு உள்ளேயே நிற்பாள். ஆயா சேந்தினால் கங்கம்மா நிற்பாள். கங்கம்மாவின் பேரப்பிள்ளைகள் எங்களோடுதான் விளையாடினார்கள். பெரியவர்கள் இருவர் மட்டும் ஏன் பேசுவதில்லை என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முறத்துக்கு அடியில்

சரி, எலிக்கு வருகிறேன்.

"வெந்நீர் அடுப்புல போட்டா நொடியில சாம்பலாயிடும்மா," என்றார் பெரியப்பா. "ஒரு வாரம்தானே? தாலி கட்டி முடிஞ்சதும் நானே முனிசிபாலிடிக்குப் போயி சொல்லிடறேன்."

"சொல்லிடுவியா?" என்றாள் ஆயா.

"சத்தியமா சொல்றேன். இப்ப சொன்னா பட்டணத்து அம்மா பந்தலை மிதிக்காது. இந்த இடமும் போச்சுன்னா நம்ம ருக்குவ யாரு கட்டுவாங்க?"

முகத்தில் பூசிய மஞ்சளோடு அத்தை கதவோரம் வந்து நின்றாள். ஆயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது சின்னப் பெண்ணான எனக்கே தெரிந்தது.

"எல்லாரும் வெளிய போங்க. கொஞ்ச நேரம் சும்னே இருங்க," என்றாள் ஆயா. பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக எங்களை அதட்டுவது அவள் வழக்கம்.

சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்து எலியின் மேல் கவிழ்த்தாள். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பெரியம்மா உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு வெந்து, கஞ்சியும் வடித்தாகிவிட்டது. ஆயா எழுந்திருக்கவில்லை. பெரியப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக ஆயா எழுந்தாள். கைகாலைக் கழுவிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனாள். கிணற்றைத் தாண்டி நேராகக் கங்கம்மா வீட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனோம்.

கங்கம்மா அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். ஆயாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"கங்கக்கா, எங்க வூட்டுல எலி விழுந்துடுச்சு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு முதல்ல நீ கெளம்பு," என்றாள் ஆயா.

கங்கம்மாவுக்குக் கன்னடம்தான் வாயில் வரும். அவள் சொல்வது ஆயாவுக்குப் புரியும், ஆயாவின் தமிழ் அவளுக்குப் புரியும். அவள் பேச்சை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"தனம்மா, ருக்குவோட கல்யாணம்?" என்றாள் கங்கம்மா.

"அதுக்குத்தான் இம்மா நேரம் மூடி வெச்சிருந்தேன். முறத்தப் போட்டு மூடிட்டு, எரிச்சிடலாமா எரிச்சிடலாமான்னு உக்காந்திருந்தேன். உனக்கு எப்படித்தான் மனசு வந்துச்சுன்னு இத்தினி வருசமா கேட்டுக்கிட்டே இருந்தேன் கங்கக்கா. இன்னிக்கு எனக்கும் வந்துச்சு."

கங்கம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயா அங்கே நிற்கவில்லை. அப்படியே முன்பக்கம் போய், வீதியின் நடுவில் "இலி பித்து! இலி பித்து!" என்று கத்திக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். ஆயா அவ்வளவு சத்தம் போட்டு நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

முருகேசன்

இதன் முன்கதையை ருக்கு அத்தை எனக்குச் சொன்னது நானே பிள்ளை பெற்ற பிறகு.

பெரியப்பாவுக்கு மூத்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். முருகேசன். ஆயாவின் முதல் பிள்ளை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குக் கங்கம்மா வீடே கதி. பசித்தாலும் அங்கே, தூக்கம் வந்தாலும் அங்கே. ஆயாவும் கங்கம்மாவும் அப்போது ஒரே கயிற்றில்தான் தண்ணீர் சேந்தினார்கள். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாமல் வந்த ஆயாவுக்குக் கடைத்தெருவில் பேரம் பேசவும் பால்காரனோடு சண்டை போடவும் கற்றுக்கொடுத்தவள் கங்கம்மா.

கங்கம்மாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கிய நேரத்தில் அவர்கள் வீட்டில் எலி விழுந்தது. கங்கம்மா அதைக் கொல்லையில் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. முருகேசன் அங்கேயே கிடந்தான். சாப்பாடு முடிந்ததும் இரண்டு கையிலும் ஒப்பட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

ஆயா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "வெல்லம் கம்மின்னு உங்க கங்கம்மாகிட்ட போயி சொல்லுடா," என்றாளாம். அவனும் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த கங்கம்மா சிரித்த சிரிப்பு இந்த வீடு வரை கேட்டதாம்.

இரண்டொரு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் கட்டி வந்தது. அவன் பிழைக்கவில்லை.

ஒப்பட்டிலிருந்து நோய் வராது என்று ஆயாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வாசனை வந்தால் அவளுக்கு அந்தச் சின்னக் கை இரண்டும் கண்ணுக்கு முன்னால் வரும். அதற்கு அவள் என்ன செய்வாள்?

எலியைப் புதைத்ததைக் கங்கம்மாவே வந்து காலில் விழுந்து அழுது சொன்னாளாம். ஆயா கதவைச் சாத்திக்கொண்டாள். கிணற்றில் இரண்டாவது கயிறு அப்போது வந்ததுதான்.

தட்டிச் சுவர்

எங்கள் வீதிக்கு ஒதுக்கிய கொட்டகைகள் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் இருந்தன. மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். காலையில் தட்டிச் சந்து வழியாகச் சாமுண்டி மலை தெரியும். ஊசி போட வந்தார்கள், எல்லோருக்கும் கை வீங்கியது. மைதானத்து ஓரத்தில் மூன்று கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பிளேகம்மா என்று கும்பிட்டார்கள். உக்கிராணத்துச் சாமான்கள், வெல்ல மூட்டை உட்பட, அத்தனையையும் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

பெரியப்பா ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் காப்பியைத் தொடவில்லை.

"எலி விழுந்த வூட்டுப் பொண்ணு வேணாமாம். வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க," என்றார்.

அத்தை தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆயா சோற்றைப் பிசைந்து அவளிடம் கொண்டுபோனாள்.

"ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள் அத்தை, திரும்பாமலே.

"பொறுத்திருக்கலாம்டி. அதுக்குள்ள எந்த வூட்டுப் புள்ள போயிருக்குமோ."

"அப்ப நான்? நான் உன் புள்ள இல்லியா?"

ஆயா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. இதை எழுதும்போது இருவரையும் நினைத்து அழுகை வருகிறது.

கங்கம்மாவின் குடும்பம் அடுத்த கொட்டகையில் இருந்தது. தட்டிச் சுவரில் ரகசியம் ஏது? எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மறுநாள் காலை அவளைக் காணோம்.

பட்டணத்து வாசற்படி

அவள் எங்கே போனாள், என்ன பேசினாள் என்பதை எங்களுக்குச் சொன்னவர் அந்த மாப்பிள்ளையேதான். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டவர். பிற்காலத்தில் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்.

கங்கம்மா அவர்கள் வீட்டுக்குள் போகவில்லையாம். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாளாம். கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

"நான் எலியைப் புதைச்சவ," என்று ஆரம்பித்திருக்கிறாள். "என் பொண்ணு கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை போயிட்டான். அன்னியிலேருந்து அவன் அம்மா என் முகத்துல முழிக்கல. இப்ப அவ பொண்ணு கல்யாணத்துல எலி விழுந்துச்சு. அவ முதல்ல வந்து நின்னது என் வாசல்ல. என் பேரப்பிள்ளைங்களைக் காப்பாத்திக்கச் சொல்லிட்டு, அப்புறம்தான் ஊருக்குச் சொன்னா. அம்மா, நீங்க சகுனம் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்க, பொண்ணு எடுக்கறதுக்கு எந்த வீடு நல்ல வீடு? மறைச்ச என் வீடா, சொன்ன அவ வீடா?"

அதற்கு அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணுக்கு ஊசி போட்டாச்சா?"

"அந்த ஒரு வார்த்தையில என் கல்யாணம் முடிவாயிடுச்சு," என்பார் மாமா. "கங்கம்மா எழுந்து போறப்ப ஒரு பூனை குறுக்க போச்சு. எங்கம்மா பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க."

பூனையை அவராகச் சேர்த்துக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை

கங்கம்மா திரும்பி வந்தபோது ஆயா கல் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வர்றாங்க தனம்மா. இங்கேயே, கொட்டகையிலேயே முடிச்சிடலாம்னுட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா தள்ளியே நின்றாள்.

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். பெரியப்பா இரண்டு தடவை "நிஜமாவா?" என்று கேட்டார். ஆயா மட்டும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் பொங்கி வழிந்தது. பெரியம்மா ஓடி வந்து இறக்கினாள்.

"இனிப்பு என்னா பண்றதுன்னு தெரியல," என்றாள் ஆயா கடைசியில். "நீயே ஒப்பட்டு போட்டுடு கங்கக்கா."

கல்யாணம் தகரக் கொட்டகைக்கு முன்னால், கீற்றுப் பந்தலில் நடந்தது. வீதியே அங்கே குடியிருந்ததால் யாரையும் போய் அழைக்கிற வேலை இல்லை. தவில்காரர் ஊசி போட்ட கையோடு முகத்தைச் சுளித்துச் சுளித்து வாசித்தார். பட்டணத்து அம்மாள் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் பிளேகம்மா கல்லுக்குத்தான் கும்பிடு போட்டார். அந்தத் தடவை எங்கள் வீதியில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. எங்களுக்குப் பின் வீதியில் வந்தது.

தாலி ஏறியது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கங்கம்மா முதல் ஒப்பட்டைக் கல்லிலிருந்து எடுத்து, ஒரு இலைத் துண்டில் வைத்து, நெய் விட்டு, ஆயாவிடம் கொண்டுவந்தாள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஆயா ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். "ரொம்ப நல்லாருக்குது" என்று சொல்லிவிடப் போகிறாளே என்ற பயத்தில் பெரியம்மா என் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெல்லம் கம்மி," என்றாள் ஆயா.

கங்கம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஆயாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இருந்த ஒப்பட்டை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவள் கையில் வைத்தாள்.

"வேணும்னா நீயே தின்னு பாரு கங்கக்கா."